தம்பியை வாபஸ் எடுத்த கதை

எங்கள் ஊர் மாதா கோயில் மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு, ஒரு யுத்தத்தைப் பற்றிக் கூட்டம் நடந்தது. எங்கள் யுத்தம் இல்லை. அது முடிந்து பல வருடமாகிவிட்டது. இது பனி பெய்கிற ஒரு பெரிய நாடு தன் பக்கத்து நாட்டோடு நடத்துகிற யுத்தம். அந்த நாட்டின் பெயரை என் கையால் எழுத எனக்கு விருப்பமில்லை, மன்னிக்க வேண்டும். அந்தப் பனி நாட்டின் படையில் என் தம்பி நின்றான். அவனையும் அவனைப் போல அங்கே போய் அகப்பட்டவர்களையும் வாபஸ் எடுக்கச் சொல்லிக் கேட்பதா, வேண்டாமா என்பதுதான் அன்றைய விவாதம். மூன்று மணித்தியாலம் பேசினார்கள். இன்றைக்கும் அந்த மண்டபத்தைத் தாண்டிப் போகும்போது எனக்குக் காறித் துப்ப வேண்டும் போல வரும். கோயில் வளவாயிற்றே என்று விழுங்கிக்கொண்டு போகிறேன்.

முதலில் தம்பி போன விதத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் கற்பிட்டிப் பக்கம், கடலுக்கும் களப்புக்கும் நடுவே கிடக்கிற ஒரு மணல் துண்டு. ஆம்பிளைகள் கடலுக்குப் போவார்கள். தம்பிக்கு மட்டும் கடல் ஒத்துவரவில்லை, வள்ளத்தில் ஏறினால் வாந்தி. அதனால் ஐஸ் லொறி ஓட்டினான். எனக்கும் அவனுக்கும் பதினொரு வயது வித்தியாசம். அம்மா போன பிறகு அவனுக்குச் சோறு போட்டதும், அடித்ததும், கலியாணம் பேசி முடித்ததும் நான்தான். நான் கலியாணம் கட்டவில்லை. அதற்கு அவன் காரணமில்லை, ஆனால் கோபம் வந்தால் அவன்தான் காரணம் என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். யுத்த காலத்தில் ஹெலி சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழே ஓடுகிற பிள்ளை அவன். சுற்றிவளைப்பு, சோதனைச் சாவடி எல்லாவற்றையும் கடந்து, சொந்த நாட்டு யுத்தம் முடியும்வரை ஒரு துவக்கைத் தொடாமல் தப்பியவன், ஊரான் வீட்டு யுத்தத்தில் போய் மாட்டிக்கொண்டான்.

மண்ணெண்ணெய்க்கு நாள் கணக்கில் வரிசையில் நின்ற வருடத்தில் வள்ளங்கள் எல்லாம் கரையில் கிடந்தன. மீன் இல்லாத இடத்தில் ஐஸ் எதற்கு? லொறிக்காரர் லொறியை விற்றுவிட்டார். வரிசைகள் குறைந்து கடற்றொழில் மறுபடி தொடங்கிய பிறகும் தம்பிக்கு வேலை திரும்பவில்லை. அந்த நேரம்தான் ஊர்ச் சம்மாட்டியின் மருமகன் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்தான். சம்மாட்டி என்றால் வள்ளமும் வலையும் வைத்து ஆட்களுக்குத் தொழில் கொடுக்கிறவர். ஊரில் பாதி வீட்டு அடுப்பு அவருடைய வலையால்தான் எரிகிறது. மருமகன் முதலில் பெண்களை அரபு நாடுகளுக்கு அனுப்பினான். பிறகு பனி நாட்டுக்கு ஆண்களை அனுப்பத் தொடங்கினான்.

"முகாமில டிரைவர் வேலை. சாமான் ஏத்தி இறக்கிறது மட்டும்தான். சண்டை நடக்கிறது அம்பது கட்டைக்கு அங்கால" என்றான் எங்கள் வீட்டுக் கதிரையில் சாய்ந்து இருந்துகொண்டு.

ஐம்பது கட்டை என்றால் ஐம்பது மைல். கிட்டத்தட்ட நாங்கள் சிலாபத்துக்குப் போகிற தூரம். அவ்வளவு தூரத்தில் யார் யாரைச் சுட்டால் எங்களுக்கென்ன என்று நாங்களும்தான் நினைத்தோம். அதை ஒளிக்க மாட்டேன். புத்தளம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பழைய உடுப்பு விற்கிற கடையில் கம்பளிச் சட்டை தேடி வாங்கிக் கொடுத்ததே நான்தான்.

அவன் போய் ஒரு மாதம் சத்தமில்லை. பிறகு ஒரு நாள் மத்தியானம் நான் வேலை செய்கிற கடற்றொழில் சங்கக் கந்தோருக்கு அழைப்பு வந்தது.

"அக்கா, இங்க லொறியே இல்லை. மண்வெட்டியும் துவக்கும் தந்திருக்கிறாங்கள். கிடங்கு வெட்டுறம்."

"ஆருக்குக் கிடங்கு?"

"எங்களுக்குத்தான். நாங்க இருக்கிறதுக்கு."

வாசிக்கத் தெரியாத மொழியில் இருந்த கடதாசியில் கையெழுத்துப் போட்டிருக்கிறான். அதில் டிரைவர் என்ற சொல்லே இல்லையாம். கூடப்போன மாத்தறைப் பக்கத்து ஆள் முந்தநாள் செத்துப்போனான், அவனுடைய சப்பாத்து எனக்கு அளவாக இருக்கிறது என்று சொன்னான். சொல்லும்போது அழவில்லை. சப்பாத்து கிடைத்த சந்தோசம் குரலில் இருந்தது. 

நான் கோயில் சுவாமியிடம், எங்கள் பங்குக் குருவிடம், ஓடினேன். எங்கள் சுவாமி இளம் ஆள், சிலாபத்துப் பக்கம். வீட்டில் பேசுவது சிங்களம், பூசைக்குத் தமிழ். நல்ல மனிதர். ஊருக்குப் பயந்த நல்ல மனிதர். அவர் நாலு பேரிடம் விசாரித்துக்கொண்டு வந்து, கொழும்பிலிருந்து ஒரு குழு அந்தப் பனி நாட்டுக்குப் பேசப் போகிறதாம், எங்கள் நாட்டு ஆட்களை வாபஸ் எடுக்கும்படி ஊர் ஊராகக் கடிதம் கேட்கிறார்கள், ஊர்ச் சனத்தின் கையெழுத்து எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுக்கு நல்லது என்றார்.

"கடிதத்தை நீங்கதானே அக்கா எழுதுவீங்க" என்றும் சொன்னார்.

வேறு யார் எழுதுவது? இருபது வருடமாக இந்த ஊருக்கு வேண்டிய கடிதமெல்லாம் நான்தான் எழுதுகிறேன். கந்தோர்கள் சிங்களத்தில் நடக்கின்றன, ஊர் தமிழில் பேசுகிறது, நடுவில் நான். அன்று பின்னேரமே சங்கக் கந்தோரில் இருந்து தட்டச்சில் அடித்து முடித்தேன். எவ்வளவோ பேருக்கு எவ்வளவோ கடிதம் எழுதியிருக்கிறேன், எங்கள் வீட்டுக்காக எழுதியது அது ஒன்றுதான்.

மண்டபம் நிறையச் சனம். இவ்வளவு பேர் வருவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. என் மச்சாள், தம்பியின் மனைவி, முன்வரிசையில் மகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். எனக்குச் சனத்தைப் பார்த்ததும் நெஞ்சு நிறைந்துபோனது. எங்கள் பிள்ளைக்காக ஊரே வந்திருக்கிறது என்று நினைத்தேன். எவ்வளவு மடைச்சி நான்.

முதலில் எழுந்தவர் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். ஊரில் எல்லோரும் சேர் என்போம். அவருக்கு ஒலிவாங்கியைக் கண்டால் போதும்.

"வாபஸ் எண்ட சொல்லே இந்த இடத்தில பிழை" என்று தொடங்கினார். "அனுப்பினவன்தான் வாபஸ் எடுக்கலாம். வழக்குப் போட்டவன் வழக்கை வாபஸ் எடுக்கிறான். எங்கட நாடு அங்க படை அனுப்பினதா? இல்லை. அப்ப எதை வாபஸ் எடுக்கிறது?"

பின்னாலிருந்து ஒருவர், "அப்பிடியில்லை சேர், முந்தி வெளிநாட்டு ஆமி எங்கட நாட்டுக்கு வந்து நிண்டதுதானே. போ போ எண்டு எல்லாரும் கத்தின பிறகு போனாங்கள். அதை வாபஸ் எண்டுதானே ரேடியோவில சொன்னவை" என்றார்.

"அது அரசாங்கம் அனுப்பின படை. இது கூலிக்குப் போன ஆக்கள்."

கூலிக்குப் போன ஆட்கள். மச்சாள் தலையைக் குனிந்துகொண்டாள். இந்தச் சேர்தான் தம்பிக்கு மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தவர். இலக்கணப்படி அவர் சொன்னதில் பிழையில்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். கிடங்குக்குள் கிடக்கிறவனை எந்தச் சொல்லால் வெளியே எடுப்பது என்று ஒரு மணித்தியாலம் ஆராய்ந்தார்கள்.

அடுத்த மணித்தியாலம் இன்னும் கேவலம். அந்த இரண்டு நாடுகளில் எது சரி என்று தொடங்கிவிட்டது. தொலைபேசியில் வீடியோ பார்த்துப் பார்த்தே எங்கள் பொடியன்மார் எல்லோரும் தளபதிகளாகிவிட்டார்கள். ஒருவன் யுத்தத் தாங்கியின் பெயர் சொல்கிறான், மற்றவன் அதைச் சுடுகிற ஏவுகணையின் பெயர் சொல்கிறான். வலப்பக்க வாங்கில் இருந்தவர்கள் பெரிய நாட்டுக்கு, இடப்பக்க வாங்கு சின்ன நாட்டுக்கு. கிரிக்கெட் மட்ச்சுக்குக் கூட இந்த ஊர் இப்படிப் பிரிந்ததை நான் கண்டதில்லை. பெரிய நாடு இன்னும் மூன்று மாதத்தில் வெல்லப்போகிறது, வெல்லுகிற நேரத்தில் ஆட்களைத் திரும்பக் கூப்பிடுவது முட்டாள்தனம் என்று ஒருவன் சொன்னான். அவன் என் தம்பியோடு பந்தடித்தவன்.

மச்சாள் ஒரே ஒரு தடவைதான் எழுந்தாள். "அவருக்குக் கால் விரல் ரெண்டு குளிரில கறுத்துப் போச்சாம்" என்றாள். மகளை மறுபடி மடியில் வைத்துக்கொண்டு இருந்துவிட்டாள்.  அப்போது பார்த்துத் தேத்தண்ணியும் மாலு பாணும் வந்து சேர்ந்தன. மாலு பாண் என்றால் உள்ளே மீன் வைத்துச் சுட்ட பணிஸ் ரொட்டி. எல்லோரும் எடுத்தார்கள். சேர் மீசையில் தூளோடு மறுபடி எழுந்து, குளிர்ப் பிரதேசங்களில் விரல் கறுப்பது சாதாரணம், ஆபத்தில்லை என்று விளக்கம் சொன்னார். அந்த மீசையைப் பார்க்க எனக்கு வந்த அருவருப்பை எந்தப் பாவசங்கீர்த்தனத்திலும் நான் இதுவரை சொல்லவில்லை.

கடைசியாகச் சம்மாட்டி எழுந்தார். அவர் கத்துகிற ஆள் இல்லை. மெதுவாகத்தான் பேசுவார்.

"தம்பியில எனக்கும் பட்சம்தான். ஆனா ஒண்டை யோசிச்சுப் பாருங்க. இன்னும் எத்தினை பொடியன்மார் போறதுக்குப் பாஸ்போட் எடுத்து வச்சுக்கொண்டு நிக்கிறாங்க? நாங்க இங்க கூக்குரல் போட்டா அவங்கட பாதையும் அடைபடும். பிறகு என்னட்ட வந்து அழக் கூடாது."

அதுதான் விசயம். இரண்டு மணித்தியாலமாக இலக்கணமும் தாங்கியும் பேசியதெல்லாம் இதை மூடி வைக்கத்தான். நான் திரும்பிப் பார்த்தேன். தாய்மார் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்பதற்கு ஆட்டுகிற மாதிரி, லேசாக.

ஆனாலும் சுவாமிக்கு அன்று எங்கிருந்தோ துணிவு வந்தது. "பேசினது போதும். எங்கட பிள்ளையைத் திருப்பி எடுக்க வேணும் எண்டு நினைக்கிறவங்க கை தூக்குங்க" என்றார். எல்லோருக்கும் முன்னால் மச்சாளின் சின்ன மகள்தான் கையைத் தூக்கினாள். அதைப் பார்த்து இரண்டு மூன்று கிழவிகள் தூக்கினார்கள். பிறகு மெல்ல மெல்லப் பாதி மண்டபத்துக்கு மேலே கை எழும்பிவிட்டது. நான் எண்ணவில்லை, கண் கலங்கிப்போனது. சம்மாட்டி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். வெட்கத்துக்காவது தூக்கியிருப்பார்கள், பரவாயில்லை, கை கைதானே. இனிக் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

சுவாமி கடிதத்தை எடுத்தார். சிங்களத்தில் இருந்ததை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லி வாசிக்கத் தொடங்கினார். முதல் வரி தலைப்பு.

"இந்த ஊர்ச் சனங்கள் சமர்ப்பிக்கிற பெட்டிசம்."

அவ்வளவுதான். எழும்பிய கைகளெல்லாம் விழுந்தன.

வெளியூர் ஆட்களுக்கு இது விளங்காது. சிங்களக் கடதாசியில் விண்ணப்பத்துக்குத் தலைப்பாகப் போடுகிற சொல்லும் இதுதான், கொஞ்சம் உச்சரிப்பு வேறு. சங்கத்து வேலையில் நூறு தடவை போட்டிருக்கிறேன், பழக்கத்தில் இதிலும் அடித்துவிட்டேன். ஆனால் எங்கள் ஊர்த் தமிழில் பெட்டிசத்துக்கு ஒரே ஒரு அர்த்தம்தான்: பெயர் போடாமல் ஒருவனைக் காட்டிக்கொடுத்து மேலிடத்துக்கு எழுதுகிற கடிதம். பெட்டிசம் அடித்தவன் என்பதை விடக் கேவலமான வசை இங்கே கிடையாது. யுத்த காலத்தில் யாரோ அடித்த ஒரு பெட்டிசத்தால், வடக்கில் இயக்கத்துக்குப் பற்றரி கடத்தினான் என்று ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். இரண்டு வருடத்துக்குப் பிறகு திரும்பி வந்தான், ஒரு காது கேட்காமல். அடித்தது யார் என்று இன்றைக்கும் தெரியாது. அதனால் இரண்டு குடும்பங்கள் இன்றுவரை ஒருவர் வீட்டுச் செத்த வீட்டுக்கு மற்றவர் போவதில்லை. சுவாமிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சம்மாட்டி எழுந்தார். "ஆருக்குப் பெட்டிசம்? எண்ட மருமகனுக்கோ?"

"இல்லை, இது அந்தப் பெட்டிசம் இல்லை. இது வேற பெட்டிசம்" என்றேன்.

மண்டபத்தில் சிரிப்பு எழும்பியது. நான் விளக்கம் சொல்லச் சொல்ல இன்னும் மோசமாகிக்கொண்டு போனது. தலைப்பை வெட்டிவிடுகிறேன், வேண்டுகோள் என்று கையால் எழுதித் தருகிறேன் என்று கெஞ்சினேன். உள்ளே யாருடைய பெயரும் இல்லை, வந்து பாருங்கள் என்று கடதாசியை நீட்டினேன். சிங்களம் வாசிக்கத் தெரிந்த பொடியன்மார் முன்வரிசையிலேயே இருந்தார்கள். ஒருவனும் கையை நீட்டி வாங்கவில்லை. வாசித்தால் விளங்கிவிடுமே, விளங்கினால் கையெழுத்துப் போட வேண்டி வந்துவிடுமே. பயம் உண்மைதான், அதற்குக் காரணமும் உண்டு, எனக்கு அது தெரியும். ஆனால் அன்றைக்கு அவர்கள் அந்தப் பயத்தைச் சந்தோசமாகத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள். சிலர் போகும்போது மிச்சமிருந்த மாலு பாணையும் கைலேஞ்சியில் சுற்றிக்கொண்டு போனார்கள்.

ஏழு கையெழுத்து விழுந்தது. அதில் இரண்டு எங்கள் வீடு. ஒன்று சுவாமி. ஒன்று அந்தக் காது கேட்காத மனிதர். அவர் விசயம் என்னவென்றே கேட்காமல் பெருவிரலை வைத்துவிட்டு, என் தலையைத் தடவிவிட்டுப் போனார். கடிதத்தை அனுப்பினோம். கிடைத்தது என்று அச்சடித்த கடதாசி ஒன்று வந்தது. குழு போனது, படம் எடுத்தது, திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு நான் ஊரில் யாரோடும் நல்ல முகம் கொடுத்துப் பேசவில்லை. சங்கத்துக்கு வருகிறவர்களின் கடதாசியை முகத்தைப் பார்க்காமல் வாங்கினேன். பூசையில் சமாதானம் சொல்லிக் கை கொடுக்கிற நேரத்தில் கையைச் சேலைக்குள் வைத்துக்கொண்டேன். வாயிருந்தும் பேசாத சனம் என்று மச்சாளிடம் நாளுக்குப் பத்துத் தடவை திட்டுவேன். ஒரு வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல என்ன கேடு இதுகளுக்கு என்பேன். 

நாலு மாதம் கழித்துத் தம்பி மறுபடி கந்தோருக்குத் தொலைபேசி எடுத்தான். ஆஸ்பத்திரியில் இருக்கிறேன் என்றான். தொடையில் இரும்புத் துண்டு. உயிருக்குப் பயமில்லை, ஆனால் ஆறியதும் திரும்பவும் முன்னுக்கு அனுப்பிவிடுவார்களாம்.

"அக்கா, ஒரு வழி இருக்கு" என்றான். "இங்க ஆள் சேர்க்கிறவன் ஒருத்தன் இருக்கிறான். எனக்குப் பதிலா ரெண்டு பேர் வந்தா, காலைக் காட்டி என்னை அனுப்பிவிடுறன் எண்டு சொல்றான்."

நான் எழுதிக்கொண்டிருந்த கடதாசியைக் கவிழ்த்து வைத்தேன்.

"ஒருத்தன் வந்திட்டான். வண்ணாத்திவில்லுப் பக்கம், முந்தி என்னோட லொறி ஓடினவன். மற்றவன் மதுரங்குளி. அவன் ரெடி. உம்மாக்காரிதான் விடமாட்டன் எண்டு நிக்கிறா. உன்னை வந்து கேட்டுட்டுத்தான் விடுவாவாம்."

"என்னை ஏன்?"

"சொந்த அக்கா பொய் சொல்ல மாட்டா எண்டு. நாளைக்கு வருவா. லொறி வேலைதானே எண்டு கேட்டா ஓம் எண்டு மட்டும் சொல்லு. வேற ஒண்டும் சொல்லாத."

நீயும் அந்த மருமகன் மாதிரி ஆகிவிட்டாயா என்று கத்தினேன். வைத்துவிடு என்றேன். அவன் வைக்கவில்லை.  "அக்கா, எனக்கு ஏலாது" என்றான். கட்டிலுக்குக் கீழே இருந்துகொண்டு சின்ன வயதில் கூப்பிடுவானே, அதே குரல்.

அடுத்த நாள் பத்து மணி போல அந்த மனுசி வந்தா. அபாயா, கையில் குடை, பஸ்ஸில் வந்த களைப்பு. என்னை விட ஒரு வயது இரண்டு வயது கூட இருக்கும். கதிரையின் நுனியில்தான் இருந்தா. நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

"நாங்க மன்னாரால வந்த ஆக்கள், தங்கச்சி" என்றா. "வடக்கில இருந்து முஸ்லிம் ஆக்களை வெளிக்கிடச் சொன்ன அண்டைக்கு எண்ட மூத்தவள் வயித்தில. உடுத்த உடுப்போட வந்து இறங்கினம். சண்டை எண்டா என்ன எண்டு எனக்கு ஆரும் சொல்லித்தரத் தேவையில்லை. அதாலதான் கேக்க வந்தன். மகன் சொல்றான் லொறியும் சமையலும்தானாம் எண்டு. ஆம்பிளைங்க சொல்றதை நான் நம்பமாட்டன். உங்கட கூடப்பிறந்தவர் அங்க இருக்கிறார். நீங்க சொல்லுங்க. உண்மையா லொறி வேலைதானா?"

எனக்கு எல்லாம் தெரியும். மண்வெட்டி தெரியும், சப்பாத்துத் தெரியும், கறுத்த விரல் தெரியும், தொடையில் இரும்பு தெரியும். அந்த மனுசி என் வாயைப் பார்த்துக்கொண்டு இருந்தா. தன் மகனை வீட்டிலேயே நிறுத்தி வைக்க ஒரு சொல் கேட்டு வந்திருந்தா. மூன்று மணித்தியாலம் சொற்பொழிவு தேவையில்லை, ஒலிவாங்கி தேவையில்லை, கையெழுத்துத் தேவையில்லை. வேண்டாம் ராத்தா, விடாதீங்க என்றால் போதும்.

"ஓம்" என்றேன்.

அவ பெருமூச்சு விட்டா. தேத்தண்ணியைக் குடித்து முடித்தா. எழும்பும்போது என் இரண்டு கையையும் பிடித்து, உங்கட தம்பியும் சுகமா வந்து சேர நான் துஆ கேக்கிறன் என்றா. நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. றோட்டு வரைக்கும் போய் பஸ் ஏற்றிவிட்டேன். திரும்பி வந்து கிணற்றடியில் அந்தத் தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவி வைத்தேன். என்னைத் தவிர வேறு யாரையும் திட்ட வாயில் சொல் வரவில்லை.

தம்பி வந்தான். சொன்னது சொன்னபடி, இரண்டாவது ஆள் போய்ச் சேர்ந்த அடுத்த மாதமே காலைக் காட்டி அனுப்பிவிட்டார்கள். வலக்காலை இழுத்து நடக்கிறான், விரல் இரண்டு இல்லை, மற்றப்படி முழுசாக வந்தான். மகள் அவனை விட்டு இறங்கமாட்டேன் என்கிறாள். மச்சாள் மெழுகுதிரி நேர்த்தி எல்லாம் கொடுத்து முடித்தாள். ஊரே வந்து பார்த்தது. சம்மாட்டி தன் கையாலேயே பெரிய சீலா மீன் கொண்டுவந்து தந்து, நாங்கள் எல்லோரும் மன்றாடினோம் என்றார். சேர் வந்து யுத்தம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று விசாரித்தார். நான் எல்லோருக்கும் கதிரை போட்டேன், தேத்தண்ணி கொடுத்தேன். சம்மாட்டியின் மீனை வெட்டிக் குழம்பு வைத்தது நான்தான். இவர்கள் மேல் வைத்திருந்த அருவருப்பு அப்படியே இருக்கிறது, ஒரு துளி குறையவில்லை. ஆனால் அதைக் காட்டுகிற முகம் இப்போது என்னிடம் இல்லை.

போன வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிகிற நேரம், என் தொலைபேசி அடித்தது.

"தங்கச்சி, உங்கட தம்பி வந்திட்டாராம் எண்டு கேள்விப்பட்டன், அல்ஹம்துலில்லாஹ். எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா?" என்றா. "எண்ட மகன்ட போன்தான் ரெண்டு மாசமா வேலை செய்யுதில்லை. லொறி ஓடுற இடத்தில சிக்னல் இல்லையோ என்னவோ. தம்பிட்ட ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்களேன்."

"கேட்டுச் சொல்றன், ராத்தா" என்றேன்.

தம்பி பக்கத்துக் கதிரையில்தான் இருந்தான். நான் கேட்கவில்லை. எடுத்தது யார் என்று அவனும் கேட்கவில்லை.